பியூட்: அட்லாண்டிக் கேபிள்கள் ஏன் இந்தச் சின்ன ஊரில் கரையேறுகின்றன?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், பியூட் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். கூகுளுடையது உட்பட இத்தனை கடலடி இன்டர்நெட் கேபிள்கள் அங்கே போய்க் கரையேறுவது ஏன், லண்டனுக்குப் பக்கத்தில் ஏறக் கூடாதா? அந்த ஊர்க்காரர்களுக்கு இன்டர்நெட் பறக்குமா? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து போடுவது ஆபத்து இல்லையா?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கூகுள் வந்துதான் பியூட் இந்த வரைபடத்தில் ஏறியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஊருக்குச் சற்றுத் தெற்கே வைட்மவுத் பே என்று ஒரு மணல் விரிகுடா இருக்கிறது. அமெரிக்காவின் நியூஜெர்சியிலிருந்து புறப்பட்ட டாட்-3 தொலைபேசிக் கேபிள் 1963ல் அங்கேதான் கரையேறியது. ஒரே நேரத்தில் 138 பேச்சுகளைத் தாங்கும், அவ்வளவுதான். 1974ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து கான்டாட்-2 வந்தது. 1988ல் வந்த டாட்-8 தான் உண்மையான திருப்பம்: அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கண்ணாடி இழைக் கேபிள் அது. 40,000 பேச்சுகள் அளவுக்குக் கொள்ளளவு, அதுவும் கடலுக்கு அடியிலேயே இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை பிரான்சுக்கும் ஒரு கிளை வைட்மவுத்துக்கும் போகும் அமைப்பு. அதன் பிறகு ஏசி-2, டாட்-14, அப்பல்லோ, மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் க்ளோ-1, மும்பை வரை போகும் யூரோப் இந்தியா கேட்வே என்று வரிசையாக வந்தன. கூகுளின் கிரேஸ் ஹாப்பர் 2021 செப்டம்பரில்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் ஏறக்குறைய அறுபது வருடமாக ஊர் இந்த வேலையில் இருக்கிறது.

சரி, ஏன் அங்கே? வரைபடத்தைப் பார்த்தாலே பாதி புரியும். பிரிட்டனின் மூக்கு மாதிரி அட்லாண்டிக்குக்குள் நீட்டிக்கொண்டிருப்பது கார்ன்வால். அமெரிக்காவிலிருந்து வரும் கேபிளுக்கு அதுதான் பக்கத்துக் கரை. ஆனால் "பக்கம்" என்பதைத் தூரக் கணக்காக மட்டும் எடுத்துக்கொண்டால் தப்பாகப் புரிந்துகொள்வோம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும், அதனால் 300 கி.மீ. கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் ஒன்றரை மில்லி செகண்டுதான். பங்குச் சந்தைக்காரர்களுக்கு அது பெரிய விஷயம். நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்பும் நேரத்தை 60 மில்லி செகண்டுக்குள் கொண்டுவருவதற்காகவே 2015ல் ஹைபெர்னியா எக்ஸ்பிரஸ் என்று தனியாக ஒரு கேபிள் போட்டார்கள். வீடியோ பார்க்கிற நமக்கு ஒன்றரை மில்லி செகண்ட் ஒரு பொருட்டே இல்லை. பியூட்டைத் தேர்ந்தெடுக்க வைத்தது நேரம் அல்ல, பயம். நங்கூரத்தைப் பற்றிய பயம்.

லண்டனுக்குப் பக்கத்தில் ஏற வேண்டுமானால் கேபிள் ஆங்கிலக் கால்வாய் முழுக்க ஓடி, டோவர் நீரிணையைத் தாண்டி, தேம்ஸ் முகத்துவாரத்துக்குள் நுழைய வேண்டும். டோவர் நீரிணையில் தினமும் 400க்கு மேல் கப்பல்கள் போகின்றன, கடலும் ஆழமில்லை. உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நடக்கின்றன. அவற்றில் 70-80 சதவீதத்துக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் நங்கூரங்களும்தான். சுறா கடிப்பது, பூகம்பம், சதி வேலை எல்லாம் செய்தியில் அடிபடும், ஆனால் எண்ணிக்கையில் பின்னால்தான் நிற்கும். அதனால் கேபிள் போடுபவர்கள் தேடுவது பெரிய துறைமுகம் இல்லாத, கப்பல் நின்று நங்கூரம் பாய்ச்சாத, அடியில் பாறை இல்லாமல் மணல் இருக்கிற ஒரு விரிகுடாவை. மணல் இருந்தால் கேபிளைப் புதைக்கலாம். பாறை மேல் கிடந்தால் அலைக்கு உரசி உரசித் தேயும். கார்ன்வாலின் வடகரை பெரும்பாலும் செங்குத்துப் பாறை, நடுவே இப்படிச் சில மணல் வாய்கள் மட்டும். வைட்மவுத் அதில் ஒன்று.

இந்தக் கணக்கு இன்று நேற்று போட்டதல்ல. அதே கார்ன்வாலில், அதன் மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டுக்குப் பக்கத்தில் போர்த்கர்னோ என்று ஒரு குட்டிக் கடற்கரை. பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ், அலெக்சாண்ட்ரியா, மால்டா, ஜிப்ரால்டர், லிஸ்பன் வழியாக வந்த தந்தித் தடம் 1870 ஜூனில் அங்கேதான் கரை தொட்டது. ஜான் பெண்டர் என்ற பருத்தி வியாபாரி முன்நின்று நடத்திய வேலை. முதலில் போட்ட திட்டம் ஃபால்மவுத் துறைமுகத்துக்கு. கம்பெனியின் பெயரே ஃபால்மவுத், ஜிப்ரால்டர் அண்ட் மால்டா டெலிகிராஃப் கம்பெனிதான். பெயரில் ஃபால்மவுத்தை வைத்துக்கொண்டே கடைசி நேரத்தில் போர்த்கர்னோவுக்கு மாற்றினார்கள், காரணம் அதேதான்: ஃபால்மவுத்தில் கப்பல் கூட்டம், நங்கூரம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து கூகுளின் இன்ஜினியர்களும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்காக அதே கரையோரத்தைப் பிடிக்கிறார்கள்.

போர்த்கர்னோவில் 14 கேபிள்கள் வரை சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, ஜெர்மானியர்கள் குண்டு போட்டால் பேரரசோடு பேசுகிற வழியே போய்விடும் என்று, கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளைக் கொண்டு பாறையைக் குடைந்து முழு நிலையத்தையும் மலைக்குள் கொண்டுபோனார்கள். நிலையம் 1970ல் மூடப்பட்டது, பயிற்சிக் கல்லூரி மட்டும் 1993 வரை ஓடியது, இப்போது அது அருங்காட்சியகம். கடற்கரையில் கேபிள்கள் வந்து நுழைந்த சின்னக் குடில் இன்னும் நிற்கிறது. ஒரு பேரரசின் செய்திகள் நுழைந்த வாசல் இத்தனை சாதாரணமாகவா இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கும்.

இன்றைக்கும் வாசல் சாதாரணம்தான். கேபிள் கரையேறும் நாளை வைத்துச் சொல்கிறேன். கேபிள் கப்பல் கரை வரை வர முடியாது, தரை தட்டும். கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ளும். கப்பலிலிருந்து கேபிள் முனையை இறக்கி, அது மூழ்காமல் இருக்கச் சில மீட்டருக்கு ஒன்றாக மிதவைகளைக் கட்டி, கயிறு போட்டுக் கரையிலிருந்து வின்ச்சால் இழுப்பார்கள். சில இடங்களில் பொக்லைன் இயந்திரமே இழுக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கடல் மேல் ஆரஞ்சு நிறப் பந்துகள் வளைந்து வளைந்து ஒரு கோடாக வருவது மட்டும் தெரியும். முனை கரைக்கு வந்து கட்டியானதும் முக்குளிப்பவர்கள் போய் மிதவைகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட, கேபிள் தன் பாதையில் அடியில் போய் உட்காரும். கரையில் ஏற்கெனவே தோண்டி வைத்த கான்கிரீட் அறை ஒன்று இருக்கும், பீச் மேன்ஹோல் என்பார்கள். கடல் கேபிளும் தரைக் கேபிளும் இணைவது அதற்குள். வேலை முடிந்ததும் மூடி போட்டு மணலைத் தள்ளிவிட்டால், அடுத்த வாரம் அதன் மேலேயே சர்ஃபிங் பலகையைச் சாய்த்துவைத்துவிட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு எதுவும் தெரியாது. இப்போதெல்லாம் பல இடங்களில் மணலையே தோண்டாமல், கரையிலிருந்து சாய்வாகத் துளையிட்டுக் கடலுக்குள் குழாய் செலுத்தி, அதன் வழியாகக் கேபிளை உள்ளே இழுத்துவிடுகிறார்கள்.

கரையோரத்தில் கேபிள் தடிமனாக இருக்கும், இரண்டு அடுக்கு எஃகுக் கம்பிக் கவசத்தோடு சுமார் 50 மி.மீ. வரை. ஆழத்துக்குப் போகப் போகக் கவசம் குறைந்து 17-20 மி.மீ. ஆகிவிடும். மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அதைத் தொட யாரும் வரப்போவதில்லை, அதனால் அங்கே புதைப்பதும் இல்லை, சும்மா தரையில் கிடக்கும். ஆபத்தெல்லாம் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதியில்தான்.

மேன்ஹோலிலிருந்து கேபிள் லேண்டிங் ஸ்டேஷனுக்குப் போகும். ஜன்னல் அதிகமில்லாத, வேலி போட்ட, பெயர்ப் பலகைகூடச் சரியாக இல்லாத ஒரு கட்டடம். அங்கே நடக்கும் முக்கியமான வேலை டேட்டா சம்பந்தப்பட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் சொல்வேன், மின்சாரம். கடலுக்கு அடியில் 60 முதல் 100 கி.மீ.க்கு ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, ஒளியைப் பெருக்கி அனுப்ப. அதற்குக் கடல் நடுவில் கரண்ட் யார் தருவது? கேபிளுக்குள்ளேயே ஓடும் செப்புக் குழாய் வழியாக, சுமார் ஒரு ஆம்பியர் நேர்மின்சாரம், 10,000 வோல்ட் அளவுக்கு அழுத்தத்தோடு, இரு கரையிலிருந்தும் தள்ளுகிறார்கள். சுற்று முடிவதற்குத் திரும்பிவரும் கம்பி கிடையாது, கடலே அந்த வேலையைச் செய்துவிடும். இரு பக்கமும் கரண்ட் தருவதால் ஒரு வசதியும் உண்டு: பல நேரங்களில் ஒரு பக்கம் கரண்ட் போனாலும் மறுபக்கம் முழுச் சுமையையும் தாங்கிக்கொள்ளும். நிலையத்தில் பேட்டரி வரிசையும் டீசல் ஜெனரேட்டரும் அத்தனை இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி இரண்டாவது கேள்வி: ஊர்க்காரர்களுக்கு இன்டர்நெட் பறக்குமா?

பறக்காது. எக்ஸ்பிரஸ் ரயில் தண்டவாளம் ஊர் நடுவே போகிறது, ஆனால் அந்த ஊரில் ரயில் நிற்காது, அந்த மாதிரிதான். கிரேஸ் ஹாப்பரில் 16 ஜோடி இழைகள் இருக்கின்றன, பாஸ்டன் பக்கத்திலிருந்து வரும் அமிட்டியே என்ற கேபிளிலும் 16 ஜோடி. அவற்றில் ஓடும் டேட்டா பியூட்டில் பிரிக்கப்படுவதே இல்லை. அப்படியே தரைக் கேபிளில் ஏறி 300 கி.மீ.க்கு மேல் ஓடி, லண்டன், ஸ்லவ் பக்கம் இருக்கும் டேட்டா சென்டர்களில்தான் முதன்முதலாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போகிறது. பியூட்டில் உட்கார்ந்து ஒருவர் நியூயார்க்கில் உள்ள சர்வரைத் தொட்டால், அவர் அனுப்பும் டேட்டா முதலில் கிழக்கே லண்டனுக்குப் போய், அங்கே வேறு நெட்வொர்க்குக்கு மாறி, மறுபடி மேற்கே திரும்பி, ஒருவேளை அவர் வீட்டுக்குச் சில கி.மீ. தள்ளியே கடலுக்குள் இறங்கும். வேகத்தைத் தீர்மானிப்பது கடலுக்கு அடியில் கிடக்கும் இழை இல்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுச் சுவர் வரை வரும் கடைசிக் கம்பி. கார்ன்வாலில் அது வருடக்கணக்காகப் பழைய செப்புக் கம்பிதான். 2010ல் தொடங்கிய சூப்பர்ஃபாஸ்ட் கார்ன்வால் திட்டத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டிஷ் டெலிகாமும் சேர்ந்து 13.2 கோடி பவுண்டு செலவழித்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்தக் காசு போனது தெருக்களில் ஃபைபர் இழுக்க. கடல் கேபிளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

வேலைவாய்ப்பு? அதுவும் பெரிதாக இல்லை. தந்திக் காலத்தில் போர்த்கர்னோவில் ஒவ்வொரு செய்தியையும் ஓர் ஆள் படித்து, இன்னோர் ஆள் மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். அதனால் ஆட்கள், குடியிருப்பு, பயிற்சிப் பள்ளி என்று அந்தப் பள்ளத்தாக்கே நிலையத்தைச் சுற்றி வளர்ந்தது. இன்றைய நிலையத்தில் பெரும்பாலான நாள் யாரும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, எங்கோ இருக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எல்லாம் தெரியும். போதாததற்கு, ஒளிக் கருவிகளையும் டேட்டா சென்டருக்கே கொண்டுபோய்விட்டுக் கரையில் மின்சாரம் தரும் கருவியை மட்டும் வைப்பது இப்போது வழக்கமாகிவருகிறது. ஊர் கொடுப்பது நிலம், அனுமதி, ஒரு சீசன் தொந்தரவு. பதிலுக்குக் கிடைப்பது சொற்பம். பிரான்சின் மார்செய், பிரேசிலின் ஃபோர்ட்டலேசா மாதிரி இடங்களில் மட்டும் கதை வேறு. அங்கே கேபிளோடு சேர்ந்து பெரிய டேட்டா சென்டர்களும் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணையும் மையங்களும் வந்தன, அதனால் டேட்டா அங்கேயே தங்கித் திரும்புகிறது. உங்கள் பகுதியில் கேபிள் வரப்போகிறது என்று யாராவது மேடை போட்டுப் பேசினால், கேபிளின் கொள்ளளவு எத்தனை டெராபிட் என்று கேட்காதீர்கள், அது கரையில் நிற்கப்போகிறதா தாண்டிப்போகப்போகிறதா என்று கேளுங்கள்.

மீனவர்களுக்குத்தான் இதில் நேரடித் தொடர்பு. கேபிள் கிடக்கும் தடத்தில் இழுவலை போட்டால் வலையும் போகும், கேபிளும் போகும். சில நேரம் படகுக்கே ஆபத்து. அதனால் பிரிட்டனில் கிங்ஃபிஷர் என்ற சேவை மூலம் கேபிள் தடங்களின் விவரம் மீனவர்களுக்குத் தரப்படுகிறது, அதைப் படகில் இருக்கும் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: 1884ல் பாரிஸில் போட்ட சர்வதேச ஒப்பந்தத்தின்படி, கேபிளைக் காப்பாற்றுவதற்காக ஒரு படகு தன் வலையையோ நங்கூரத்தையோ அறுத்துவிட நேர்ந்தால், கேபிள் சொந்தக்காரர் அதற்கு நஷ்டஈடு தர வேண்டும், படகின் பக்கம் அஜாக்கிரதை இல்லாத பட்சத்தில். தந்திக் காலத்து விதி, கொள்கை இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. மாட்டிய வலையை வேகமாக இழுத்துப் பார்ப்பதைவிட அறுத்துவிட்டுக் கணக்குக் கேட்பது இருவருக்குமே லாபம்.

கேபிள் வாசல் என்றால் அங்கே எட்டிப் பார்ப்பவர்களும் இருப்பார்கள், இல்லையா? பியூட்டுக்கு வடக்கே மார்வென்ஸ்டோ பக்கம் பெரிய பெரிய வெள்ளை டிஷ்கள் வரிசையாகத் தெரியும். அது ஜிசிஎச்க்யூ என்ற பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு அமைப்பின் நிலையம். முதலில் சாட்டிலைட் சிக்னல்களைப் பிடிக்க வந்தது. 2013ல், அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களிலிருந்து, அட்லாண்டிக் கேபிள்கள் பிரிட்டிஷ் கரையில் ஏறும் இடங்களிலேயே டேட்டாவை எடுக்கும் டெம்போரா என்ற திட்டம் இருந்தது என்று கார்டியன் பத்திரிகை எழுதியது. தொழில்நுட்பக் கோணத்தில் பார்த்தால் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை, நடுக்கடலில் நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் போய்க் கேட்பதைவிடக் கரையில் கேட்பது எத்தனையோ மடங்கு சுலபம். கேபிள் எந்த நாட்டில் கரையேறுகிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதன் மேல் செல்லும். ஒரு ஊருக்கு இப்படிப்பட்ட முக்கியத்துவம் இருக்கிறது என்பது ஊர்க்காரர்களுக்கே சில நேரம் வெளியிலிருந்துதான் தெரியவரும்: ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் 2010ல் வெளியிட்ட அமெரிக்க வெளியுறவுத் துறை ஆவணம் ஒன்றில், அமெரிக்காவுக்கு இன்றியமையாத வெளிநாட்டு இடங்களின் பட்டியலில் பியூட்டின் கேபிள் நிலையங்கள் இருந்தன.

கடைசியாக, ஒரே இடத்தில் குவிப்பது ஆபத்து இல்லையா என்ற கேள்வி. ஆபத்துதான், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. ஒரு இடத்தில் ஒரு கேபிள் வந்துவிட்டால் அனுமதி வாங்கும் வழி தெரிந்துவிடுகிறது, கடலடி ஆய்வு அறிக்கை இருக்கிறது, லண்டன் வரை தரைக் கேபிள் தயாராக இருக்கிறது, அடுத்தவர் ஏன் வேறு இடத்துக்குப் போய்ச் சிரமப்பட வேண்டும்? குவிவது இப்படித்தான். ஆனால் கடலுக்குள் போனதும் அவை விசிறி போல விரிந்துவிடுகின்றன. ஒன்று நியூயார்க்குக்கு, ஒன்று மாசசூசெட்ஸுக்கு, ஒன்று ஆப்பிரிக்காவுக்கு. ஒரே நங்கூரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போவது கஷ்டம். அதுபோக அட்லாண்டிக் கேபிள்கள் லேண்ட்ஸ் எண்ட் பக்கமும், சாமர்செட் கரையிலும், வடக்கே சவுத்போர்ட்டிலும் ஏறுகின்றன. பியூட்டில் ஒன்று அறுந்தால் நாமெல்லாம் கவனிக்கவே மாட்டோம், டிராஃபிக் வேறு வழியில் போய்விடும். 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது மத்தியக் கிழக்கும் இந்தியாவும் திணறியதற்குக் காரணம், அந்தப் பக்கம் மாற்று வழி அப்போது அத்தனை குறைவு. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்ததும், அதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனதும் இன்னும் மோசமான உதாரணம். அதே வருடம் அக்டோபரில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் கேபிள் அறுந்து போனே வேலை செய்யவில்லை. அதுவும் பிரிட்டன்தான்!

பியூட் மாதிரி இடத்தில் நான் கவலைப்படுவேன் என்றால் அது கரைக்கு இந்தப் பக்கம் நடப்பதைப் பற்றி. வரைபடத்தில் ஆறு கேபிள் ஆறு கோடாக இருக்கும். ஆனால் கரையேறியதும் அவற்றில் எத்தனை ஒரே சாலையோரம், ஒரே குழாயில், ஒரே பாலத்தின் அடியில் போகின்றன என்பது அந்த வரைபடத்தில் இருக்காது. கடலுக்குள் இருநூறு கி.மீ. இடைவெளி விட்டுப் போட்ட இரண்டு கேபிள்களை, தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்ட வந்த ஒரே பொக்லைன் ஒரே மதியத்தில் அறுத்துவிடலாம். இரண்டு தனித்தனிக் கேபிளில் கொள்ளளவு வாங்கியிருக்கிறோம், நமக்கென்ன என்று இருக்கும் கம்பெனிகள், இரண்டின் தரைவழியும் லண்டன் வரை தனித்தனியாகப் போகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. விற்பவர்கள் அதைத் தாங்களாக முன்வந்து சொல்வது அபூர்வம்.